பரீட்சை எழுதாத எம்.ஏ.வும் என் சிவப்புப் பேனாவும்

சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று என்னை நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். ஆனால் உண்மையான சான்றிதழைப் போலி என்று எழுதி, கீழே தன் இனிஷியலும் போட்டவன் நானறிந்தவரை இந்தத் தொழிலில் நான் ஒருவன்தான். அப்பேர்ப்பட்ட தகுதியை வைத்துக்கொண்டு வேறெதையாவது எழுதினால் எனக்கே அடுக்காது.

இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்களில் எங்கள் அலுவலகம் அபுதாபி முசஃபாவில் இருந்தது. வளைகுடாவின் தனியார் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைப் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம். கீழே லாரி டயர் கடை, மேலே நாங்கள். வருகிறவர்களின் பட்டங்கள் அசல்தானா என்று பார்ப்பது என் வேலை. நான் சரி என்று எழுதினால்தான் விசா வேலை தொடங்கும். சந்தேகம் என்று எழுதினால் அந்த ஃபைல், அரசாங்க ஆபீஸ்களுக்கு அலையும் எங்கள் பி.ஆர்.ஓ. வழியாக அரசாங்கத்துக்குப் போகும். போலிச் சான்றிதழ் அங்கே விளையாட்டில்லை. ஜெயில், நாடு கடத்தல், திரும்ப வர முடியாத தடை எல்லாம் அதில் அடக்கம்.

வந்த புதிதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டேன். நம்ம ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தில், பதிவாளர் தைப்பொங்கல் அன்று கையெழுத்துப் போட்டிருந்தார். பொங்கல் அன்று ஆபீசைத் திறந்து கையெழுத்துப் போடும் பதிவாளர் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை என்று எழுதி அனுப்பினேன். அது போலிதான் என்று உறுதியாகிவிட்டது. அன்றிலிருந்து ஆபீசில் நான் நடக்கும் நடையே மாறிப்போனது. பதினோரு கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தட்டச்சு செய்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சிவப்புப் பேனா ஒன்று சட்டைப்பையில் எப்போதும் குத்தியிருக்கும். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன் என்று என் மனைவி சொல்வாள். அதில் மிகை அதிகம் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஞானசேகரம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வயது ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு பள்ளியில் மேல்வகுப்புகளுக்கு பிஸிக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் அவரை நேரில் பார்த்துப் பிடித்துப்போய், தாள்கள் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தது. விசிட் விசாவில் வந்திருந்தார், பதினொரு நாள் பாக்கி இருந்தது. லண்டனில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இந்த வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போவதற்கு அவருக்கு வீடு கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், அவரே சொன்னார். கேட்டுக்கொண்டேன். நம் வேலையில் எல்லோரும் கதை சொல்வார்கள், கதையைப் பார்க்காதே, காகிதத்தைப் பார் என்பது என் கொள்கை.

காகிதத்தைப் பார்த்தேன். இங்கிலாந்தில் எண்ணூறு வருடமாக நடக்கும் இரண்டு பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. பேரைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய இடத்தில் படித்தவன் டயர் கடை மாடிக்கு ஏன் வருகிறான்?

"பிஸிக்ஸ் வாத்தியார்னு சொல்றீங்க. இதுல பி.ஏ.ன்னு இருக்கே?" என்றேன்.

"அங்க எல்லாருக்கும் பி.ஏ.தான். பிஸிக்ஸ் படிச்சாலும் பி.ஏ., லத்தீன் படிச்சாலும் பி.ஏ." என்றார்.

பட்டியலில் நாலாவது கேள்வி: படித்த பாடமும் பட்டமும் பொருந்துகிறதா? பெருக்கல் குறி போட்டேன்.

"எம்.ஏ. மார்க் ஷீட் எங்க?"

"இல்லை."

"தொலைஞ்சு போச்சா?"

"இருந்தாத்தானே தொலையும். அதுக்குச் சோதனையே இல்லை."

"பரீட்சை இல்லாம எம்.ஏ.வா?"

"ஓம். பல்கலைக்கழகத்தில சேர்ந்து ஏழு வருஷம் போனால் தருவினம். ஒரு கொஞ்சக் காசு கட்டோணும், அவ்வளவுதான்."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். பரீட்சை வேண்டாம், காத்திருந்தால் போதும், காசு கட்டினால் பட்டம். போலிப் பட்டம் விற்கிறவன் ஒவ்வொருவனும் இதைத்தானே சொல்கிறான். அதை மறைக்கக்கூடத் தெரியாத ஒரு அப்பாவி மோசடிக்காரரை என் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தேன்.

கடைசியாக ஒரு நற்சான்றுக் கடிதம். முத்து முத்தான கையெழுத்தில், இவர் மிகச் சிறந்த மாணவர் என்று எழுதியிருந்தது. கையெழுத்துக்குக் கீழே 'வார்டன்' என்று போட்டிருந்தது. நான் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படித்தவன். எங்கள் வார்டன் இட்லி எண்ணிக்கை தவிர வேறெதிலும் தலையிட்டு நான் பார்த்ததில்லை.

"ஏன் சார், ஹாஸ்டல் வார்டன்கிட்டயா லெட்டர் வாங்குவீங்க? ஒரு பேராசிரியர்கூட கிடைக்கலையா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அவர்தான் எங்கட கல்லூரிக்கே தலைவர். நீங்கள் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ" என்றார்.

விசாரிப்பதாவது. அவர் படியிறங்கியதும் ஃபைலைப் பிரித்தேன். அந்த எம்.ஏ. ஒரு சின்ன வெள்ளைத் தாள். தங்க முத்திரை இல்லை, பார்டர் இல்லை, நாலு வரி அச்சு, ஒரு கையெழுத்து. நம் ஊர்ப் பட்டங்கள் கல்யாணப் பத்திரிகைக்குச் சவால் விடும். இது ரேஷன் கடை ரசீதுக்குக்கூடப் பக்கத்தில் வராது. அசலை அவரே வைத்துக்கொண்டு ஜெராக்ஸை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு செய்தேன். சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, தாளின் குறுக்கே 'ஃபேக்' என்று நாலு ஆங்கில எழுத்தைப் பெரிதாக எழுதி, கீழே 'கே.சி.' என்று என் இனிஷியலைச் சுழித்துப் போட்டேன். அந்தச் சுழிப்பில் எனக்கிருந்த திருப்தியை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பாதி உண்மை சொல்வதில் எனக்கு இனி லாபமில்லை. அதே நாளில் வேறொருவரின் பட்டத்தை, தங்க முத்திரை, பட்டு ரிப்பன், ஆறு பக்க மார்க் ஷீட் சகிதம் பார்த்து, "பட்டம்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லி சரி என்று எழுதினேன். அந்தப் பல்கலைக்கழகம் எங்கோ ஒரு ஊரில் ஒரு தபால் பெட்டி மட்டுமே என்று பிற்பாடு தெரிந்தது.

எங்கள் மேனேஜர் சூசன் மேடம். கோட்டயத்துக்காரர், கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் நன்றாகவே வரும். என் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார்.

"செல்லதுரை சார், இது பி.ஆர்.ஓ. கைக்குப் போனா அந்த மனுஷன் அவ்வளவுதான். தெரியும்ல?"

"தெரியும் மேடம். பதினொண்ணுல ஏழு ஃபெயில்."

"யூனிவர்சிட்டிய கேட்டீங்களா?"

"கேக்கவே வேண்டாம் மேடம். தாளே பேசுது."

"தாள் பேசட்டும். நீங்க ஃபோன்ல பேசுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது என் டிராயர்ல இருக்கும்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, நம் கெட்டிக்காரத்தனத்துக்கு இங்கிலாந்திலிருந்தே ஒரு சாட்சி வாங்கிவிடலாம் என்று மறுநாள் மதியம் ஃபோனை எடுத்தேன்.

பல்கலைக்கழகம் என்றால் ஒரு வாசல், ஒரு கட்டிடம், ஒரு பதிவாளர் இருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதலில் எடுத்தவர், "எந்தக் கல்லூரி?" என்றார். எனக்குக் கல்லூரி வேண்டாம், பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றேன். "கல்லூரி தெரிந்தால்தான் ஆளைத் தேட முடியும்" என்றார். வார்டன் கடிதத்தில் இருந்த கல்லூரிக்கு அடித்தேன். அங்கே ஒருவர் பழைய பதிவேட்டைப் பார்த்து, ஆமாம், இந்தப் பெயரில் இலங்கையிலிருந்து ஒருவர் இங்கே தங்கிப் படித்தார், ஆனால் பட்டம் கொடுப்பது நாங்கள் இல்லை, பல்கலைக்கழகம் என்றார். சேர்த்துக்கொள்வது, சோறு போடுவது, உட்காரவைத்துப் பாடம் சொல்வது எல்லாம் கல்லூரி; பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகம். மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் அலையும் மாப்பிள்ளை மாதிரி இரண்டு நாள் அலைந்தேன்.

மூன்றாம் நாள் பட்டப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள் கிடைத்தார். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை, இன்றுவரை தெரியாது. இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று யாராவது இருந்தால் அது அந்தக் குரல்தான். என் ஏழு பெருக்கல் குறிகளையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அதுவே பெரிய விஷயம்.

பழைய காலத்தில் அங்கே படிப்பு என்றாலே ஏழு வருடப் படிப்பாம். பி.ஏ. என்பது பாதி வழியில் வரும் ஒரு படி. ஏழு வருடம் முடித்து எம்.ஏ. ஆனவர்தான் முழு ஆள். பிறருக்குப் பாடம் சொல்லும் உரிமையும், பல்கலைக்கழகத்தின் சபையில் உட்கார்ந்து ஓட்டுப் போடும் உரிமையும் அவருக்குத்தான். காலப்போக்கில் பின்பாதிப் படிப்பு தேய்ந்து போய்விட்டது, காத்திருக்கும் வருடங்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அதனால் எம்.ஏ.வுக்கு மார்க் இல்லை, அது படிப்புக்கான பட்டம் இல்லை, சபையில் இடம். பிஸிக்ஸுக்கு பி.ஏ. ஏன் என்று கேட்டேன். அந்தப் பட்டத்துக்குப் பெயர் வைத்த காலத்தில் பிஸிக்ஸ் என்று தனியாக ஒரு படிப்பே கிடையாது என்றார். வார்டனைப் பற்றி நான் கேட்டபோதுதான் அவர் குரல் சிரிப்பில் கொஞ்சம் ஆடியது. ஒவ்வொரு கல்லூரியும் தன் தலைவரை ஒவ்வொரு பெயரில் கூப்பிடுமாம், மாஸ்டர், பிரின்சிபால், பிரசிடென்ட், வார்டன் என்று. அவரவர் கல்லூரி ஆரம்பித்த நூற்றாண்டில் என்ன பெயர் வைத்தார்களோ அதுதான், மாற்ற மாட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனவனைத் தலைக்கட்டு என்று கணக்கில் சேர்ப்பார்கள். கோயில் வரி கட்டுவான், ஊர்க்கூட்டத்தில் பேசுவான். அதற்கு எவனாவது பரீட்சை எழுதியிருக்கிறானா? மார்க் ஷீட் எங்கே என்று எந்த மடையனாவது கேட்டிருக்கிறானா? மன்னார்குடிப் பக்கம் பிறந்தவனுக்கு இதை இங்கிலாந்துக்கு ஃபோன் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"பெயர், வருடம், பட்டம் மூன்றும் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. இன்றே ஃபேக்ஸ் அனுப்புகிறேன்" என்று சொல்லி அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

சரி, தப்பு நடந்துவிட்டது, ரிப்போர்ட் மேடத்தின் டிராயரில்தானே இருக்கிறது, வாங்கிக் கிழித்துப் போட்டால் முடிந்தது என்று ஃபைலை எடுத்தேன். ஜெராக்ஸையும் கிழித்துவிடலாம் என்று அந்தத் தாளை உருவினேன். அது கையில் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. திருப்பினேன். பின்பக்கத்தில் லண்டன் வெளியுறவு அலுவலகத்தின் முத்திரை, அதன் கீழே எமிரேட்ஸ் தூதரகத்தின் முத்திரை. இரண்டும் அசல். ஒரு காகிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது நம் தொழிலில் அரிச்சுவடி. என் பதினோரு கேள்விகளில் அது இல்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருந்தேன்.

ஜெராக்ஸ் என்று நினைத்து நான் கிறுக்கியிருந்தது அசலின் மேல்.

இனி நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். கதவைச் சாத்திவிட்டு, என் டிராயரிலிருந்து ஒரு பிளேடை எடுத்தேன். முதல் எழுத்தின் வால் ஒன்று தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். வந்தது. மை போன இடத்தில் தாள் மயிர் மயிராக எழும்பி நின்றது. என் பட்டியலின் மூன்றாவது கேள்வி: தாளில் சுரண்டிய தடயம் உண்டா? அந்தத் தாள் என்னிடம் வரும்வரை அசலாக இருந்தது. நான் பிளேடை எடுத்த பிறகுதான் அது போலியாக ஆரம்பித்தது. இன்னும் கால் மணி நேரம் சுரண்டியிருந்தால் அந்த மனிதரை நிஜமாகவே ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன், அதுவும் என் பெயர் எங்கும் இல்லாமல். பிளேடைக் கீழே வைத்தேன். என் பணிக்காலம் முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சூசன் மேடத்திடம் போய் தாளை மேசையில் வைத்தேன். அவர் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், திருப்பினார், முத்திரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவர்ட்ட யாரு சொல்லுவா?"

"நான்தான் மேடம்."

"பின்னே வேற யாரு?" என்றார்.

ஞானசேகரம் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் ஃப்ளாட்டில் தங்கியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். வழியில் மன்னிப்பு வாசகங்கள் நாலைந்து தயாரித்து வைத்திருந்தேன். அவர் கதவைத் திறந்ததும் ஒன்றுகூட வரவில்லை. தாளை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தைஞ்சு வருஷம்" என்றார் கடைசியில். "எத்தினை வீடு மாறிட்டன். ஒரு வீடு எரிஞ்சும் போச்சுது. இதை நான் ஒரு நாளும் மடிச்சதில்லை. உங்களிட்ட தந்து நாலு நாள்."

"புதுசு வாங்கிடலாம் சார். நானே எழுதிக் கேக்குறேன்."

"வாங்கலாம். பிறகு லண்டனில திரும்பவும் ரெண்டு முத்திரை குத்தோணும். எனக்கு விசா ஏழு நாள். கணக்குப் பாருங்கோவன்."

கணக்குப் பார்த்தேன். நடக்காது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். வெட்கத்தில் குடித்தேன்.

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. விசாவுக்காக இந்தத் தாள் எந்த அரசாங்கக் கவுண்டருக்குப் போகிறதோ, அந்தக் கவுண்டருக்கு நானும் போவது. கம்பெனி லெட்டர், இங்கிலாந்து ஃபேக்ஸ், என் ஐடி கார்டு மூன்றையும் பிடித்துக்கொண்டு, எழுதியவன் நான், தப்பு என் தப்பு என்று சொல்வது. வார விடுமுறை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே டாக்ஸியில் கிளம்பினோம். வழியில் அவர் என் விசிட்டிங் கார்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்களும் எம்.ஏ.வோ?"

"ஆமா சார். பொது நிர்வாகம். அஞ்சல் வழி."

"என்ன படிச்சனீங்கள்?"

யோசித்தேன். கைடு புத்தகத்தின் அட்டை பச்சை நிறம் என்பது ஞாபகம் வந்தது. உள்ளே இருந்த ஒரு வரியும் வரவில்லை. பத்து நாள் விழுந்து விழுந்து படித்து, பரீட்சை எழுதி, மார்க் ஷீட் வாங்கி, பதினோராம் நாள் மறந்தவன் நான். "மார்க் ஷீட் இருக்கு சார்" என்றேன். அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார்.

முதல் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி, கறுப்பு அபாயா அணிந்த இளம்பெண், தாளைப் பார்த்ததும் முகம் மாறினார். "யார் எழுதியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் என்றேன். "ஏன்?" தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை மேடம் என்றேன். ஃபேக்ஸைப் படித்தார், என் கார்டைப் படித்தார், உள்ளே போய் இன்னும் இருவரை அழைத்துவந்து என்னைக் காட்டினார். மூவரும் மிருகக்காட்சிசாலையில் புது வரவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள். இரண்டாவது கவுண்டரில், மேலதிகாரி வரட்டும், "புக்ரா" என்று நாளைக்கு வரச் சொன்னார்கள். நாளை அதற்கடுத்த நாளானது. ஐந்து நாளில் நாலு கவுண்டர், நாலிலும் அதே கேள்வி, அதே பதில். இரண்டாவது முறைக்குப் பிறகு ஞானசேகரம் வாயே திறப்பதில்லை, கேள்வி வந்ததும் என்னைக் கையால் காட்டுவார்.

அப்படியும் விசா முடிவதற்குள் ஒன்றும் வந்து சேரவில்லை. அவர் கிஷ் தீவுக்குப் போய் விசாவுக்குக் காத்திருந்தார். அந்த நாளில் விசிட் முடிந்தவர்கள் ஈரான் கரைக்கு அருகிலிருக்கும் அந்தத் தீவில்தான் போய்க் கிடப்பார்கள், ஒரு அறையில் ஆறு பேர், எட்டு பேர் என்று. ஒன்பது நாள் கிடந்தார். என் பேனாவுக்காக ஐம்பது வயது மனிதர் ஒருவர் தரையில் படுத்த ஒன்பது நாள் அது. பள்ளிக்கூடத்துக்கு சூசன் மேடம் தினமும் ஃபோன் செய்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். விசா வந்தது, அவரும் வந்தார். ஏர்போர்ட்டில் நான் நின்றேன். இளைத்திருந்தார்.

அதன்பிறகு, புதுப் பட்டம் வாங்க எழுதவா என்று எத்தனையோ முறை கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்பார். "அங்க எல்லாத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. இதுக்கும் இருக்கட்டும்." மன்னித்துவிட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கும் தைரியமும் இல்லை.

பட்டியலை அன்றே கிழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் கிழிக்கவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு வரியைச் சேர்த்தேன்: எனக்குத் தெரியாத ஒன்று இருக்கலாம். சிவப்புப் பேனாவை மட்டும் விட்டுவிட்டேன். பென்சிலுக்கு மாறினேன். நீங்களும் பென்சிலே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு தோஹாவிலிருந்து ஒரு ஃபோன். ஒரு தமிழ்ப் பையன், நம்மைப் போலவே சான்றிதழ் பார்க்கிற வேலை. குரலிலேயே சிவப்புப் பேனா தெரிந்தது.

"சார், இங்க ஒரு எம்.ஏ. வந்திருக்கு. குறுக்க ஃபேக்னு எழுதி கே.சி.ன்னு இனிஷியல் இருக்கு. அது நீங்கதானா?"

"நான்தான் தம்பி. சர்டிபிகேட் அசல். அந்த எழுத்தும் அசல். எழுதினவன்தான் சரியில்ல."

"அது சரி சார், அவரே எல்லாம் எழுதிக் குடுத்திருக்காரு. நான் கூப்பிட்டது அதுக்கில்ல. முன்னாடி ஒரு வார்டன் ரெஃபரன்ஸ் இருந்திருக்கு. அவர் இறந்துட்டாராம். அந்த இடத்துல இப்ப உங்க பேரைக் குடுத்திருக்காரு. இவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

ஹாஸ்டல் வார்டனா என்று நான் கேலி செய்த இடத்தில் இப்போது என் பெயர்.

"எழுதிக்கோங்க தம்பி" என்றேன். "இவரைப் பத்தி இந்த வளைகுடாவிலயே அதிகமா விசாரிச்சவன் நான்தான்."